அந்தரத்தில் நிறுத்துவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ரிமோட் ஹெலிகாப்டர் பழகியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கோவையில் ஒருவரிடம் 450 அளவு ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டு மாதத்தில் மூன்று தடவை விழுந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பிளேடு மாற்றுகிறேன். தரையை விட்டு ஓரடி எழுந்ததும் இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. நான் வலது பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பாய்கிறது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற ட்ரோன் கையை எடுத்தாலும் அப்படியே நிற்கிறதே, இது ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? வண்டியில்தான் கோளாறா? கற்றுக்கொடுக்க இங்கே யாரும் இல்லை. விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒன்பது வயதுப் பையன் வேறு ரிமோட்டைக் கொடு என்று அடம் பிடிக்கிறான்.

– வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

விற்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வண்டியில் பெரிய கோளாறு எதுவும் இல்லை.

இடப்பக்கம் வழுக்குவதை முதலில் பார்ப்போம். இது உங்கள் தொழிலோடு ஒட்டிய விஷயம். அடியில் போல்ட் போட்டு இறுக்காத மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் ஷாஃப்ட் ஒரு பக்கம் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் உதறும். ஹெலிகாப்டரிலும் அதுதான் நடக்கிறது. மேலிருந்து பார்த்தால் இந்த வகையில் பெரும்பாலானவற்றின் பெரிய ரோட்டர், அதாவது மேலே சுற்றும் பிளேடுகளின் தொகுதி, கடிகாரச் சுற்றில் சுற்றும். உடம்பு எதிர்ச்சுற்றில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் சின்ன ரோட்டர். அது வாலை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வாலைத் தள்ளுகிற காற்று மொத்த வண்டியையும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தத்தானே செய்யும்? அதனால் நன்றாக நிற்கிற ஹெலிகாப்டர் வலப்பக்கம் இம்மி சாய்ந்துதான் நிற்கும். ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய ஹெலிகாப்டரும் இப்படித்தான், ரோட்டர் சுற்றும் திசையைப் பொறுத்து ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து, ட்ரோன். படம் எடுக்கிற ட்ரோனுக்குள் தரைமட்டம் எது என்று சொல்லும் கருவி இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது, உயரம் பார்க்கக் காற்றழுத்தமானியும் இருக்கிறது. கையை எடுத்தால் அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளும். உங்கள் ஹெலிகாப்டரில் இருக்கும் ஜைரோ என்ற, திரும்புவதை உணரும் கருவி, நீங்கள் சொல்லாமல் வண்டி திரும்பாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளும். சாய்த்துவிட்டு ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டால் சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கும், அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். வேகமும் ஏறும்.

நீங்கள் மூன்று தடவை விழுந்த காரணம் இங்கேதான் இருக்கிறது. இது எனக்குப் புரிய மாதங்கள் ஆயின. வண்டி இடப்பக்கம் போவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு வலப்பக்கம் இழுக்கிறீர்கள். போவது தெரியும்போது அது சாய்ந்து அரை நொடி ஆகியிருக்கும். அது நிற்கும்வரை ஸ்டிக்கைப் பிடித்தே வைத்திருக்கிறீர்கள். நிற்பதற்குள் வலப்பக்கம் பெரிய சாய்வு ஒன்று சேர்ந்துவிடுகிறது, பிறகு அந்தப் பக்கம் பாய்கிறது. செய்ய வேண்டியது வேறு. வலப்பக்கம் ஒரு சின்னத் தட்டு, உடனே நடுவுக்கு. வேகம் குறைவது தெரிந்ததும், முழுக்க நிற்பதற்கு முன்பே, இடப்பக்கம் ஒரு சின்னத் தட்டு, மறுபடி நடுவுக்கு. சாய்க்கிற ஒவ்வொரு சாய்வையும் நீங்களே திரும்ப எடுக்க வேண்டும்.

சின்ன வயதில் தேங்காய் பறிக்கிற தொரட்டியை உள்ளங்கையில் நட்டுவைத்து நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். கையைப் பார்த்தால் விழுந்துவிடும். நுனியைப் பார்த்தால் நிற்கும். ஹெலிகாப்டரில் அந்த நுனி, சுற்றும் பிளேடுகள் வானத்தில் வரைகிற வட்டம். வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அந்த வட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சாய்ந்த கணத்திலேயே கை பதில் சொல்லப் பழகிவிட்டால், நகர்வதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

ஓரடி உயரத்தில் நிறுத்தப் பார்ப்பதையும் விடுங்கள். உயரம் குறைந்தால் ஆபத்து குறையும் என்று நானும் நினைத்தேன். ரோட்டர் கீழே தள்ளுகிற காற்று தரையில் மோதித் திரும்பி வந்து, அந்த உயரத்தில்தான் வண்டியை அதிகம் உலுக்குகிறது. உங்கள் ரோட்டரின் குறுக்களவு இரண்டேகால் அடிக்கு மேல். இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால் காற்று தெளிவாகிவிடும், தவறினால் திருத்தவும் இடம் கிடைக்கும். தோப்பு ஓரத்துப் புல்தரையும் வேண்டாம். புல்லில் வண்டியின் கால் மாட்டினால் எழும்பும்போதே குப்புறச் சாய்த்துவிடும். சிமெண்ட் தரைதான் நல்லது. கால்களுக்கு அடியில் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நான்கு முனையிலும் பிளாஸ்டிக் பந்து மாட்டிக்கொள்ளுங்கள். பயிற்சிக் கால் என்போம். சாய்ந்தாலும் பிளேடு தரையைத் தொடாது.

முதல் இருபது முப்பது மணி நேரம் கம்ப்யூட்டரில், பறப்பதைப் போலவே பழகவைக்கும் சிமுலேட்டரிலேயே பழகுங்கள். அங்கே விழுந்தால் செலவு இல்லை. வால் நம் பக்கம் இருக்கும்படி ஒரு நிமிடம் அசையாமல் நிறுத்த வந்த பிறகு, பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். மூக்கு நம்மைப் பார்த்து நிற்பது கடைசி. அதில் இடம் வலம் தலைகீழாகிவிடும். அதைச் சிமுலேட்டரில் கை தானாகச் செய்யும்வரை வெளியே முயல வேண்டாம்.

விழுந்த பிறகு பிளேடு மட்டும் மாற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். மெயின் ஷாஃப்டையும், இரண்டு பிளேடுகளையும் தாங்குகிற சின்ன ஷாஃப்டையும் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் வளைவு பார்ப்பது உங்களுக்குத் தெரியாத வேலை இல்லை. இம்மி வளைந்திருந்தாலும் அதிர்வு வரும், அதிர்வு ஜைரோவைக் குழப்பும். உங்கள் மூன்றாவது விழுகைக்கு அது காரணமாக இருந்திருக்கலாம். ஒரு சந்தேகம்தான்.

பேட்டரியை எங்கே சார்ஜ் போடுகிறீர்கள்? கடையில் என்றால் இன்றே நிறுத்துங்கள். ரீவைண்டிங் கடையில் வார்னிஷும் தின்னரும் இருக்கும். இந்த ஹெலிகாப்டரில் போடுகிற லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்க முடியாது. மூன்று செல் பேட்டரி முழுக்க ஏறினால் 12.6 வோல்ட். செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் கீழே போவதற்குள் வண்டியைத் தரையிறக்கிவிடுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. வெளியில், சிமெண்ட் தரையில், கூடவே இருந்து சார்ஜ் போடுங்கள்.

பையனுக்கு வருகிறேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் ரோட்டர் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2013-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், நன்றாகப் பழகிய 19 வயது இளைஞர் ஒருவர் தன் ஹெலிகாப்டரின் பிளேடு தலையில் பட்டு இறந்துபோனார். அது உங்களுடையதைவிடப் பெரிய வண்டி. ஆனாலும் உங்களுடையது விரலைத் துண்டிக்கும், கண்ணைப் பறிக்கும். பேட்டரி மாட்டும்போது மோட்டார் சுற்றாமல் தடுக்கிற திராட்டில் ஹோல்ட் சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளி நின்றுதான் எழுப்ப வேண்டும். பையன் உங்களுக்குப் பின்னால் இன்னும் தள்ளி நிற்கட்டும். ஆசையை அடக்கவும் வேண்டாம். சிமுலேட்டரில் அவனை உட்காரவையுங்கள். உங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டுவிடுவான். பறக்கவிட ஆசைப்பட்டால் உள்ளங்கை அளவு பொம்மை ஹெலிகாப்டர் ஒன்று வாங்கிக்கொடுங்கள்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்கிறீர்கள். ஹெலிகாப்டர் முன்னோடியான இகோர் சிகோர்ஸ்கி 1939 செப்டம்பரில் தன் விஎஸ்-300 ஹெலிகாப்டரை முதன்முதலில் எழுப்பியபோது அவருக்குப் பாடம் சொல்லவும் யாரும் இல்லை. வண்டியைத் தரையோடு கட்டிவைத்துத்தான் எழுப்பினார், சில நொடிகள்தான். கட்டில்லாமல் பறக்க அடுத்த ஆண்டு மே மாதம் ஆனது. அத்தனை மாதமும் அவர் பழகியது நீங்கள் இப்போது பழகுவதைத்தான். பயிற்சிக் கால் கட்டுவதை நினைத்து வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, நம் ஊர்க் காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோமங்கலம், உடுமலைப் பக்கம் மின்சாரக் காற்றாடி சுற்றுவதே அதில்தான். மார்கழி, தையில் கிழக்கேயிருந்து திரும்பி வந்து உங்கள் பக்கம் ஓலையைக் கிழிக்கும். இரண்டு மாதமாக நீங்கள் பழகியது முழுக்க இந்த ஆடிக் காற்றில். பழகியவனே தடுமாறுகிற காற்று அது. புரட்டாசிவரை பொறுங்கள், அதுவரை சிமுலேட்டர் போதும். பிறகு விடிந்ததிலிருந்து ஏழரைவரை மட்டும் பறக்கவிடுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் கொப்பரைக் களம் இருக்கிறது. அகலமான சிமெண்ட் தரை, சுற்றிலும் தென்னை. உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். புரட்டாசி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள். எட்டு மணிக்குக் கொப்பரை காயப்போட ஆட்கள் வந்துவிடுவார்கள். பயிற்சிக் கால் என்னிடம் இருக்கிறது. ஷாஃப்டுகளை மட்டும் பார்த்து மாற்றிக்கொண்டு வாருங்கள்.