கழுத்தைக் கடித்துப் போட்டது எது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். காலையில் பார்த்தால் கூண்டுக்குள் மூன்று கோழிகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன, கறி அப்படியே இருக்கிறது. பூனை வேலையா?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: பூனையாக இருக்க வாய்ப்பு குறைவுங்க, அது பெரும்பாலும் ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு போய்விடும். ராத்திரியில் நடந்திருப்பதால் மரநாய் மேல்தான் எனக்குச் சந்தேகம்; கீரியும் இப்படிக் கழுத்தைக் கடித்துப் போடும், ஆனால் அது பகலில் திரிகிற பிராணி. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் சந்து இருக்கிறதா, அங்கே மண் தடமோ ரோமமோ ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மரநாய் நன்றாக மேலே ஏறும். சுவடே இல்லாமல் முட்டையும் குஞ்சும் காணாமல் போனால் பாம்பு. முற்றம் முழுக்க இறகு சிதறிக் கிடந்தால் தெருநாய்.

சாதாரணக் கோழிவலையை நம்பாதீர்கள், நாய் இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்கிக் கூரை வரை சந்தில்லாமல் அடித்து, கீழே ஒரு அடி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்; பெருச்சாளி தோண்டிக்கொண்டு வருவதும் அதோடு நிற்கும். அப்புறம், பொழுது சாய்வதற்குள் அடைத்துவிட வேண்டும்.

விஷம் மட்டும் வைக்கவே வேண்டாம். மரநாயும் கீரியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, தவிர அந்த விஷத்தைத் தின்பது பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம்.