அவர் போனில் தேடாதீர்கள், அவரிடமே கேளுங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். திருமணமாகிப் பதினோரு வருடம், இரண்டு பிள்ளைகள். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. சில மாதங்களாகப் போனைக் கவிழ்த்தே வைக்கிறார், பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். அவர் தூங்கும்போது அவர் விரலை வைத்துத் திறந்து, வாட்ஸ்அப்பை என் லேப்டாப்பில் இணைத்துவிட்டேன். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி இரவில் "வீடு போய்ச் சேர்ந்தாச்சா?" என்று கேட்கிறாள். பல மெசேஜ்கள் அழிக்கப்பட்டிருக்கின்றன. தினமும் பார்த்துப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது. அந்தப் பெண் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, வழக்குக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. கணவனையோ மனைவியையோ கவர்ந்த மூன்றாம் ஆளிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமை தென்னாப்பிரிக்காவில் முன்பு இருந்தது. 2015இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டிவிட்டது.

அப்புறம், அந்த லேப்டாப் இணைப்பு. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு. அனுமதியில்லாமல் ஒருவரின் தகவலுக்குள் நுழைவது 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும், அவர் போனில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. என்றைக்காவது அதைத் திறந்தால் உங்கள் லேப்டாப் அங்கே நிற்கும். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு அவர் என்ன செய்தார் என்பதைப் பற்றி இருக்காது, நீங்கள் செய்ததைப் பற்றித்தான் இருக்கும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்களே பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.

இதுவரை என்ன கிடைத்தது என்றும் யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து போகிறவரை அக்கறையாக விசாரிக்கும் ஒரு வரி. அது நட்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அழித்த மெசேஜில் என்ன இருந்தது என்பதை உங்கள் பயம்தான் இட்டு நிரப்புகிறது. இன்னும் நூறு மெசேஜ் படித்தாலும் அந்தப் பயம் அடங்காது.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லவே மாட்டேன். பதினோரு வருடம் கூட வாழ்ந்தவள் நீங்கள், உங்களுக்குப் பதில் வேண்டும். அவருக்கு லீவு நாளாகப் பாருங்கள், பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்காருங்கள். "நீ அவளோடு..." என்று குற்றச்சாட்டாக ஆரம்பிக்காதீர்கள். "இத்தனை மாதமாக நீங்கள் தள்ளிப் போகிற மாதிரி இருக்கிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை, என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். போனைப் பார்த்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம், படட்டும். மறைத்து வைத்துக்கொண்டு அவரிடம் உண்மையை எதிர்பார்க்க முடியாது.

மழுப்பினாலோ பேசவே மறுத்தாலோ, ஃபாம்சா என்ற குடும்ப ஆலோசனை அமைப்பு டர்பனில் இருக்கிறது. அவர் வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள். சந்தேகம் பலமாக இருந்தால் அரசு கிளினிக்கில் ஒரு எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, உங்கள் உடம்பு இது.

பிரிவதுதான் வழி என்று ஒருநாள் முடிவு செய்தாலும், மெசேஜ்களைச் சேர்த்து வைத்தால்தான் விவாகரத்து கிடைக்கும் என்றில்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணவாழ்வு சரிசெய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்று நீதிமன்றம் ஏற்றால் போதும். சொத்துப் பிரிவினை பற்றி மட்டும் ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.