தோப்பை அடமானம் வைக்கும் முன்: கொழிஞ்சாம்பாறை அப்பா ஒருவருக்கு

அண்ணா, நீங்கள் கேட்டதில் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது கவுன்சலிங் விஷயம். பொள்ளாச்சியில் இருக்கும் உங்கள் மச்சினர் மகனுக்கு முதல் பட்டதாரி சலுகை கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. நம் பிள்ளையும் தமிழ் மீடியம்தானே, அவளுக்கும் கிடைக்காதா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தின் நிரந்தர இருப்பிடம் அங்கேதான் என்பதற்குச் சான்று வேண்டும். 7.5 சதவீதம் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உங்கள் ரேஷன் கார்டு, நிலம், பிள்ளை படித்த பள்ளிக்கூடம் எல்லாம் கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் இருக்கின்றன. சொந்தக்காரர் வீட்டு முகவரியில் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சான்றிதழ் சரிபார்க்கும்போது அகப்பட்டால் சீட்டும் போகும், ஒரு வருஷமும் போகும்.

கேரளத்தில் பி.டெக் மெரிட் சீட்டுக்கு கீம் நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சரிபாதியாக எடுத்துத்தான் ரேங்க் போடுகிறார்கள். 150 கேள்விகளில் 75 கணக்கு, 45 இயற்பியல், 30 வேதியியல். உங்கள் மகள் விண்ணப்பிக்கவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசு இன்ஜினியரிங் கல்லூரியும் அகத்தேத்தறை என்எஸ்எஸ் கல்லூரியும் இந்த வருஷக் கணக்கில் இல்லை. அதற்காக அவளைத் திட்ட வேண்டாம். விண்ணப்பத் தேதியைச் சொல்லி நினைவுபடுத்த வீட்டில் ஆள் இல்லாத எத்தனையோ நல்ல பிள்ளைகளுக்கு இதே கதைதான்.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். கோவைப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றின் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சீட் வாங்கித் தருகிறேன், வேலைக்கு கேரண்டி என்று சொல்லியிருக்கிறார். அதற்காகத் தென்னந்தோப்பை அடமானம் வைக்கலாமா என்கிறீர்கள். என் பதில், வைக்காதீர்கள். கோவையில் நல்ல கல்லூரிகள் நிறைய உண்டு, கல்லூரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடன் வாங்கி நீங்கள் வாங்குவது பிரிவின் பெயரை மட்டும்தான். கம்ப்யூட்டர் படிப்பில் பிள்ளையைத் தூக்கி நிறுத்துவது, முதல் இரண்டு வருஷத்தில் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தானே தப்புச் செய்து தானே திருத்திய மணிநேரங்கள். அந்த நேரம் கடன் வாங்கிப் பணம் கொடுத்த சீட்டிலும் கிடைக்கும், அரசுக் கல்லூரி சீட்டிலும் கிடைக்கும். வட்டி கட்ட அப்பா படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைக்கு அந்த மணிநேரங்கள் குறைந்துதான் போகும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கடன் திட்டம் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குப் பொருந்தாது.

ஏஜென்ட் காட்டிய பிளெக்ஸ் பேனரில் இருந்த பெரிய சம்பளம் அந்த வருஷம் ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. மற்றவர்கள் கதையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அந்த பிடிஎஃப்பைத் திறந்து, நான்கு வருஷ இளநிலைப் படிப்புக்கான அட்டவணையைப் பாருங்கள். முதல் வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக இருக்கும். அதில் ‘மீடியன் சாலரி’ என்ற கட்டத்தில் விரலை வையுங்கள். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் வருஷச் சம்பளம் அது. அதை 12-ஆல் வகுத்து, நீங்கள் வாங்கப்போகும் கடனின் மாதத் தவணையோடு ஒப்பிடுங்கள். இது எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த கணக்கு, கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மட்டும் என்று தனியாக இருக்காது. இருந்தாலும் பேனரைவிட ஆயிரம் மடங்கு நம்பலாம். அந்த பிடிஎஃப் எங்கே என்று ஏஜென்டிடமே கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடமானம் இல்லாமல் என்ன வழி? கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயன்ஸோ பிசிஏவோ படிக்கலாம். மெரிட் சீட்டுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம் போதும். அரசுக் கல்லூரி, எய்டட் கல்லூரி, வடக்கஞ்சேரியில் இருப்பதுபோல கேரள அரசின் ஐஎச்ஆர்டி நிறுவனம் நடத்தும் அப்ளைடு சயன்ஸ் கல்லூரி என்று எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். 2024 முதல் கேரளத்தில் நான்கு வருஷ இளநிலைப் படிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் டிகிரியோடு வெளியே வரலாம், நான்காவது வருஷமும் படித்தால் ஹானர்ஸ். இந்த முறையில் மேஜர் என்ற முதன்மைப் பாடத்தோடு மைனர் என்ற துணைப் பாடங்களும் எடுக்க வேண்டும். கல்லூரியில் கணக்கு மைனர் இருந்தால் உங்கள் மகள் அதைத்தான் எடுக்க வேண்டும். ‘ஈசியா மார்க் வரும்’ என்று தோழிகள் வேறு பாடத்துக்கு இழுப்பார்கள். போகக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பி.எஸ்சிக்குப் பிறகு எம்சிஏ என்ற கம்ப்யூட்டர் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. முன்பு மூன்று வருஷமாக இருந்த எம்சிஏ 2020 முதல் இரண்டு வருஷம்தான். திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் எம்சிஏ சேர நிம்செட் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. டிகிரியில் கணக்கோ புள்ளியியலோ படித்தவர்களுக்குத்தான் அதில் வாசல் திறக்கும். கேரளத்துக்குள் மாநில அரசின் எல்பிஎஸ் சென்டர் தனியாக ஒரு எம்சிஏ தேர்வு நடத்துகிறது. மூன்றும் இரண்டும் ஐந்து வருஷம், பி.டெக்கைவிட ஒரு வருஷம் கூடுதல்தான். தோப்பும் கையில் இருக்கும். சர்க்கார் சீட்டில் பி.எஸ்சி, பிறகு நல்ல இடத்தில் எம்சிஏ, இதைத்தான் உங்கள் வீட்டுக்கு நான் முதலாவதாகச் சொல்வேன்.

சென்னை ஐஐடி ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது உண்மையான படிப்பு, ஏமாற்று இல்லை. ஜேஇஇ வேண்டாம். அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேற வேண்டும், தேர்வுகளை நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணத்தில் பெரிய தள்ளுபடி உண்டு. ஆனால் சுமை அதிகம், எல்லாம் ஆங்கிலம். முதல் வருஷம் கல்லூரியில் காலூன்றிய பிறகு அதை யோசிக்கலாம்.

அவளுக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா என்பதை எந்த ஆலோசகரும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். நீங்கள் மூலத்தறைப் பக்கம் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர். ஒரு மாதத்து ரசீதுகளை எடுத்துக் கொடுங்கள். தேதி, காலையா மாலையா, லிட்டர், கொழுப்பு, தொகை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடித்து, மொத்தம் எத்தனை லிட்டர், கொழுப்பு குறைந்த நாட்கள் எவை, எந்த வேளைக்கு ரசீது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லும் பைத்தான் புரோகிராம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை விடை தப்பாகத்தான் வரும். ஒருநாள் லிட்டரில் புள்ளி விட்டுப்போய் 8.5 என்பது 85 ஆகியிருக்கும். அப்போது அவள் எரிச்சலில் மூடிவைத்துவிட்டுப் போகிறாளா, சாப்பிடக் கூப்பிட்டாலும் ‘இருங்கப்பா’ என்று தேடிக்கொண்டே இருக்கிறாளா, பாருங்கள். இரண்டாவது வகை என்றால் தைரியமாகச் சேர்க்கலாம். முதல் வகை என்றால் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். காமர்ஸோ கணக்கோ அவளுக்குப் பிடித்திருக்கலாம். ஊரே சேர்கிறது என்பதற்காக இதில் தள்ளிவிட வேண்டாம்.

தமிழ் மீடியம் என்று நீங்கள் கூசுகிறீர்கள், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கேரள அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை அவள். பள்ளிகளின் கம்ப்யூட்டர் கல்வியைப் பார்க்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் பள்ளி நாளெல்லாம் வேலை செய்திருக்கிறாள். பத்தாவதுக்குள் பைத்தானைத் தொட்டிருக்கிறாள், பிளஸ் டூவில் சி பிளஸ் பிளஸ் எழுதியிருக்கிறாள். பெரிய பள்ளிகளில் படித்து வரும் பல பிள்ளைகள் லினக்ஸ் திரையைக் கல்லூரி லேபில்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். இது அவளுக்குப் பெரிய கைமுதல். அதை அவளிடம் அடிக்கடி சொல்லுங்கள்.

ஆங்கிலம் வேண்டும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பணம் கட்ட இப்போது அவசரமில்லை. முதலில் வேண்டியது படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம். புரோகிராம் தப்பானால் திரையில் வரும் பிழைச் செய்தியை முழுசாகப் படித்து, அது எந்த வரியைச் சொல்கிறது என்று தமிழில் நோட்டில் எழுதி வரட்டும். ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் வீடியோக்கள் இலவசம், சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது நல்ல முறை.

ஏஐ வந்து எல்லா வேலையும் போய்விடுமாமே என்று பயப்படுகிறீர்கள். பயத்தில் உண்மை இருக்கிறது. சொன்னதை அப்படியே புரோகிராமாக அடித்துத் தரும் ஆரம்பநிலை வேலை குறைகிறது. கூட்டமாக ஆள் எடுக்கிற பழக்கமும் முன்போல் இல்லை. ஆனால் கருவி எழுதித் தந்தது சரியா என்று பார்க்க அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும். ஒரு லட்சம் பேர் கொண்ட பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதை வைத்துச் சொல்கிறேன். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் லட்சம் தடவை வரை ஒப்பிட வேண்டி வரும். அகரவரிசைப்படி அடுக்கி, நடுவில் திறந்து, எந்தப் பாதியில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போனால் 17 தடவைக்குள் முடிந்துவிடும். இதுபோன்ற கணக்கைத்தான் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் பாடங்களில் படிக்கிறார்கள். இவற்றோடு ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் மூன்றும் உறுதியாக இருந்தால் எந்தக் கருவி வந்தாலும் அவளால் நிற்க முடியும். ஏஐ, சைபர் செக்யூரிட்டி என்று பெயர் வைத்த பட்டங்களிலும் அடித்தளம் இதேதான். இளநிலையில் சாதாரண கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, பிறகு பிடித்த பக்கம் போவதே நல்லது.

கண்ணு, இந்தப் பத்தி உனக்கு. முதல் வருஷ லேப் புரோகிராம்களை ஏஐயிடம் எழுதி வாங்காதே. அடுத்தவர் சாப்பிட்டு நம் பசி ஆறாது. நீயே எழுதி, ஓடாமல் போய், முட்டிக்கொண்ட பிறகு ‘இந்த வரி ஏன் தப்பு’ என்று கேள், அது படிப்பு. பால் கணக்கு புரோகிராம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, நின்ற இடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு என்னிடம் வா. ரெக்கார்டு நோட்டு மார்க்கை மட்டும் வைத்து உன்னை எடைபோட்டுக்கொள்ளாதே.

அண்ணா, பணம் செலவழிக்க ஆசைப்பட்டால் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். கம்பெனிகள் பயன்படுத்தி விற்ற பழையது போதும். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இரண்டும் இருக்கட்டும். 16 ஜிபி கிடைத்தால் இன்னும் நல்லது. கோவை பக்கத்தில்தானே என்று அங்கே ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டு வேலந்தாவளம் வழியே தினமும் பஸ்ஸில் போய்வரச் சொல்லாதீர்கள். போக வர மூன்று மணி நேரம் போனால், நான் முதலில் சொன்ன அந்த மணிநேரங்கள் பஸ்ஸிலேயே கரைந்துவிடும். ஹாஸ்டலில் விடத் தயக்கமாக இருந்தால், விடுதிப் பொறுப்பாளரை நீங்களும் வீட்டுக்காரம்மாவும் நேரில் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இந்த வாரமே அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டருக்குப் போய் சாதிச் சான்று, வருமானச் சான்று, உங்கள் சமூகத்துக்குத் தேவையானால் நான்-கிரீமிலேயர் சான்று (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர் இல்லை என்பதற்கானது) எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வில்லேஜ் ஆபீஸில் கையெழுத்தாகி வர நாளாகும். உங்கள் சமூகம் தமிழ்நாட்டில் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை இங்கே பார்க்க மாட்டார்கள், கேரளப் பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து அதே எழுத்தில் வாங்குங்கள். கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் கல்வி உதவித்தொகைக்கும் இந்தச் சான்றுகள்தான் வேண்டும். கோழிக்கோடு பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது எது கிடைக்கும் என்று யோசிக்காமல் எது வேண்டும் என்ற வரிசையில் போடுங்கள். அலாட்மென்ட் வந்ததும், அது விரும்பிய கல்லூரியாக இல்லாவிட்டாலும், குறித்த தேதிக்குள் மேண்டேட்டரி ஃபீ என்ற கட்டாயக் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் கிடைத்த இடமும் போய், அடுத்த அலாட்மென்டிலும் பெயர் இருக்காது. கட்டிவிட்டு, மேலே உள்ள விருப்பங்களை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.