பேஸ்பாலில் கேட்சர் என்பவர் விக்கெட் கீப்பரைப் போன்றவர்தானா?

"கேட்சர் என்பவர் பேஸ்பாலின் விக்கெட் கீப்பர்தானே, அவருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் ஒப்பீடு சரிதான். ஆனால் கிரிக்கெட்டில் எந்தப் பந்தை வீசுவது என்பதைப் பந்துவீச்சாளர் முடிவு செய்கிறார், கீப்பர் அதற்குத் தயாராக இருக்கிறார். பேஸ்பாலில் ஒவ்வொரு பந்துக்கும் அதன் வகையையும் அது வந்து சேர வேண்டிய இடத்தையும் பெரும்பாலும் கேட்சரே முதலில் முன்வைக்கிறார். பந்தை வீசுபவரான பிட்சர் தலையசைத்து ஏற்பார், அல்லது மறுத்து வேறொன்றைக் கேட்பார்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வேலை பார்த்த ஆண்டுகளில் அந்நகரின் கார்டினல்ஸ் அணியின் கேட்சர் யாடியர் மோலினாவைப் பார்த்துத்தான் எனக்கு இது விளங்கியது. 2004 முதல் 2022 வரை அந்த ஒரே அணிக்கு ஆடிய அவரும் பிட்சர் ஆடம் வெயின்ரைட்டும் பிட்சர்-கேட்சர் இணையாக 328 ஆட்டங்களைத் தொடங்கியிருக்கிறார்கள். எந்த இணையும் அதற்கு முன் எட்டாத எண்ணிக்கை அது. ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் செல்லும் இடங்களே பேஸ்கள். மோலினா குந்தியிருக்கும்போது, முதல் பேஸில் நிற்கும் எதிரணிக்காரர் இரண்டாம் பேஸைத் திருடவே, அதாவது மட்டையாளர் பந்தை அடிக்கும்வரை காத்திராமல் அங்கே ஓடவே, தயங்குவார். குந்திய நிலையிலிருந்து எழுந்து, ஏறத்தாழ 127 அடி தொலைவிலுள்ள இரண்டாம் பேஸுக்குப் பந்தை அனுப்ப ஒரு நல்ல கேட்சருக்குக் கிடைப்பது சுமார் 2 விநாடிகள்தான்.

முன்பெல்லாம் தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டித்தான் கேட்சர் சைகை செய்வார். இரண்டாம் பேஸில் நிற்கும் எதிரணிக்காரர் அதைப் படித்துவிடலாம் என்பதால் சங்கேதத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. 2017இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியினர் கேமரா மூலம் சைகைகளைத் திருடி, குப்பைத்தொட்டியைத் தட்டித் தங்கள் மட்டையாளருக்குத் தெரிவித்தது பின்னர் அம்பலமாகிப் பெரும் அவமானமானது. 2022 முதல், பொத்தானை அழுத்தியே தேர்வை பிட்சருக்குத் தெரிவிக்கும் பிட்ச்காம் என்ற கருவி வந்துவிட்டதால் விரல் சைகை அருகிவிட்டது. எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

எளிதில் கண்ணில் படாத திறமை ஒன்றும் இருக்கிறது. மட்டையாளர் அடிக்காமல் விட்டாலும் அவருக்கு எதிராக ‘ஸ்டிரைக்’ என்று எண்ணப்படும் பந்துகள் வர வேண்டிய பகுதியே ஸ்டிரைக் எல்லை. அதன் விளிம்பை உரசி வரும் பந்தை, கையுறை வெளிப்பக்கம் இழுபடாமல், மணிக்கட்டை மட்டும் மெல்ல உள்ளே திருப்பிப் பிடித்தால், பின்னால் குனிந்து நிற்கும் அம்பயருக்கு அது ஸ்டிரைக்காகத் தோன்றக்கூடும். இதை ஃபிரேமிங் என்பார்கள். ஒரே ஒரு பந்தில் இது அற்பமாகத் தெரியலாம்; ஆனால் ஓர் ஆட்டத்தில் கேட்சர் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளைப் பிடிக்கிறார் என்பதையும், பருவத்துக்கு 162 ஆட்டங்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சுமாராக மட்டை பிடிக்கும் கேட்சர்களையும் அணிகள் ஏன் விடாமல் வைத்திருக்கின்றன என்பது புரியும். ஏமாற்று வேலைதானே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் தீர்ப்பு அம்பயருடையது.

உடல்பாடும் சாதாரணமானதல்ல. 2011இல், ரன் எடுக்க ஹோம் பிளேட்டை (மட்டையாளர் நிற்கும் இடத்திலுள்ள பேஸ்) நோக்கிப் பாய்ந்து வந்தவர் மோதியதில் சான்பிரான்சிஸ்கோ அணியின் கேட்சர் பஸ்டர் போசிக்குக் கால் எலும்பு முறிந்தது. அதன் பிறகு 2014இல் அத்தகைய மோதல்களைக் கட்டுப்படுத்த விதி வந்தது.

2026 முதல் அம்பயரின் ஸ்டிரைக் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடலாம் என்றாகிவிட்டதால் ஃபிரேமிங்கின் மதிப்பு ஓரளவு குறையும். ஆனால் முறையிடும் உரிமை மட்டையாளர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவருக்கு மட்டுமே. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்புகள்தான். 2025 வசந்தகாலச் சோதனை ஆட்டங்களில் பிட்சர்களின் முறையீடுகளைவிட கேட்சர்களின் முறையீடுகளே அதிகம் பலித்தன.