பள்ளிக்கு வரும் அரசுப் பணம்: ஒரு பழைய பொருளாளரிடம் பெற்றோர் கேட்டவை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருபத்தாறு வருடம் கணக்கியல் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஆறு வருடம் பள்ளி நிர்வாகக் குழுவில், அதாவது நாம் எல்லாரும் எஸ்ஜிபி என்று சொல்கிற குழுவில், பொருளாளர் வேலையும் பார்த்தேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்: அக்கா, எங்கள் பிள்ளைகள் பள்ளியில் கழிவறைக் கதவு உடைந்து ஒரு வருடம் ஆகிறது. கவுன்சிலரிடம் போனால் "இது என் வேலை இல்லை" என்கிறார். பள்ளிக்குப் பணம் தருவது நகராட்சிதானே?

இந்த ஒரு தடவை கவுன்சிலர் சொல்வது சரி. எத்தெக்வினி, அதாவது நம் டர்பன் நகராட்சி, பள்ளிக்குப் பணம் தருவதில்லை. தண்ணீர், கரண்ட் பில் அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்ளும். பணம் வரும் வழி வேறு. தேசியக் கருவூலம் வரிப்பணத்தை ஒன்பது மாகாணங்களுக்கும் ஒரு சூத்திரப்படி பிரிக்கிறது. அதில் கல்விக்கு 48 சதவீத எடை. பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளியில் சேர்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். ஆனால் வந்த பணத்தில் அதே 48 சதவீதத்தைக் கல்விக்குச் செலவழிக்க வேண்டும் என்று மாகாணத்துக்குக் கட்டாயம் கிடையாது. எவ்வளவு என்பதை மாகாணச் சட்டமன்றம்தான் முடிவு செய்யும். ஆகவே சண்டை போடுவதென்றால் அந்தச் சட்டமன்றம் இருக்கிற பீட்டர்மாரிட்ஸ்பர்க்கோடு போடுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் எஸ்ஜிபிக்குப் பள்ளிகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதிகாரம், அதாவது சில செலவுகளைத் தானே பார்த்துக்கொள்ளும் அதிகாரம், இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடப் பராமரிப்புப் பொறுப்பை எஸ்ஜிபி ஏற்றிருந்தால், ஒரு கதவு மாட்டுவதற்கு யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

பீனிக்ஸ்: டீச்சர், எங்கள் பள்ளி குவின்டைல் 5. ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அரசின் உதவித்தொகை, அதாவது கிராண்ட், வாங்குகிற வீட்டிலிருந்து வருகிறார்கள். யார் கணக்குப் போட்டது இது?

இந்தக் கேள்வி வராத கூட்டமே கிடையாது. குவின்டைல் என்கிற ஏழ்மைத் தரவரிசை பிள்ளையைப் பார்த்துப் போடுவதில்லை, பள்ளி இருக்கிற இடத்தைப் பார்த்துப் போடுவது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, அந்தச் சுற்றுவட்டாரத்தின் வருமானம், வேலையின்மை, படிப்பு இந்த மூன்றையும் வைத்து ஒரு மதிப்பெண் கொடுப்பார்கள். மிக ஏழைப் பள்ளி 1, வசதியான பள்ளி 5. பள்ளியைச் சுற்றி ஓட்டு வீடும் காரும் இருந்தால் நீங்கள் மேலே போய்விடுவீர்கள். காலையில் டாக்சி பிடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தகரக் கொட்டகையிலிருந்து வருகிற பிள்ளை அந்த மதிப்பெண்ணில் இல்லவே இல்லை.

வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. 2023இல் தேசிய அளவில் வைத்த இலக்கு: குவின்டைல் 1, 2, 3 பள்ளிகளுக்கு ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 1,602 ரேண்ட், 4க்கு 803, 5க்கு 277. முதல் மூன்றும் கட்டணமில்லாப் பள்ளிகள். 2007இல் தொடங்கிய ஏற்பாடு அது. நாலிலும் ஐந்திலும் இருக்கிற பள்ளி மீதியைப் பெற்றோரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது அரசின் எண்ணம். வாங்க முடியாத பெற்றோரிடம் எப்படி வாங்குவது என்பதற்குச் சூத்திரத்தில் இடமில்லை. என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டையே இதுதான்.

வழி ஒன்று உண்டு. மதிப்பெண் தவறு என்று எஸ்ஜிபி மாகாணக் கல்வித்துறைத் தலைவருக்கு எழுதலாம். வெறும் புலம்பல் எடுபடாது. பிள்ளைகள் எந்தெந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள், எத்தனை பேர் கிராண்டில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கட்டண விலக்கு கொடுத்தீர்கள் என்று பட்டியலாக வையுங்கள்.

டோங்காட்: எங்களது கட்டணமில்லாப் பள்ளி. காகிதம் வாங்கக்கூடப் பணமில்லை என்கிறார் பிரின்சிபல். நம்புவதா வேண்டாமா?

நம்பலாம். மேலே சொன்னது தேசிய இலக்கு. நம் மாகாணமான குவாசுலு-நாட்டாலில் பல வருடமாகக் கட்டணமில்லாப் பள்ளிக்குக் கொடுத்தது பிள்ளைக்கு 955 ரேண்ட்தான். அதுவும் தவணையாக. விதிப்படி முதல் பாதி மே 15க்குள், மறு பாதி நவம்பர் 15க்குள் வர வேண்டும். பள்ளிக்கு வருடம் ஜனவரியில் பிறக்கிறது, அரசுக்கு ஏப்ரலில். இந்த இடைவெளியிலேயே பாதி உயிர் போய்விடும். நான் பொருளாளராக இருந்த ஒரு வருடம் இரண்டாம் தவணை வராமலேயே பள்ளி மூடும் நேரம் வந்துவிட்டது. விளையாட்டு விழாவில் சமோசா விற்ற காசில் கேள்வித்தாள் அச்சடித்தோம்.

ஒன்று கவனியுங்கள். உங்கள் பள்ளிக்கு 21ஆம் பிரிவு அதிகாரம் இல்லையென்றால் பணம் பள்ளி வங்கிக் கணக்குக்கே வராது. கணக்கு துறையிடம் இருக்கும், பள்ளி ஆர்டர் மட்டும் போடும். "பணம் வரவில்லை" என்று பிரின்சிபல் சொல்வதன் பொருள் அதுவாகவும் இருக்கலாம்.

டோங்காட், இன்னொருவர்: அந்த 955இல் ஆசிரியர் சம்பளமும் சேர்ந்ததா?

இல்லை. அது தனி. அரசுப் பணியிட ஆசிரியருக்கு மாகாணமே நேராகச் சம்பளம் போடும். கல்வி பட்ஜெட்டில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. எத்தனை பணியிடம் என்பது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால்தான் ஜனவரியில் பத்தாவது பள்ளி நாள் எடுக்கிற கணக்கெடுப்புக்கு இவ்வளவு பதற்றம். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

லெனேசியா: என் கணவருக்குப் போன வருடம் வேலை போய்விட்டது. கட்டண பாக்கி இருக்கிறது என்று மகளின் ரிப்போர்ட்டைப் பள்ளி பிடித்து வைத்திருக்கிறது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது அக்கா.

வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லையம்மா. 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பெற்றோர் கட்டவில்லை என்பதற்காக ரிப்போர்ட்டையோ மாற்றுச் சான்றிதழையோ நிறுத்தக் கூடாது, வகுப்பை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, விளையாட்டிலிருந்து ஒதுக்கக் கூடாது. பாக்கி வேண்டுமென்றால் பெற்றோர் மேல் சட்டப்படி போகலாம். பிள்ளை மேல் கை வைக்க முடியாது. பிரிவு எண்ணைப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு விலக்குக்கும் விண்ணப்பியுங்கள். கணக்கு எளிது. வருடக் கட்டணத்தோடு பள்ளி வாங்குகிற மற்றத் தொகைகளையும் கூட்டி, பெற்றோர் இருவரின் வருட வருமானத்தில் (பிடித்தம் போவதற்கு முன்பு) அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2க்குக் கீழே என்றால் கிடையாது. இடையில் இருந்தால் பகுதி விலக்கு. உதாரணமாகக் கட்டணம் 15,000, உங்கள் வருமானம் மட்டும் 1,20,000 என்றால் 12.5 சதவீதம், முழு விலக்கு. பிள்ளைக்காக கிராண்ட் வாங்குகிறவர்களுக்கும், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிற அனாதைப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கே தேவையில்லை, விலக்கு தானாக உண்டு. எஸ்ஜிபி மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

"ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம்" என்று தனியாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதற்கும் சட்டத்தில் இடமில்லை.

மெரேபாங்க்: தமிழ் வகுப்புக்கு அரசு பணம் தருமா?

பாடத்திட்டத்தில் தமிழுக்கு இரண்டாம் கூடுதல் மொழியாக இடம் இருக்கிறது. ஆனால் தமிழுக்கென்று தனிப் பணம் வருவதில்லை. பள்ளிக்குக் கிடைத்த பணியிடங்களுக்குள் ஒருவரை ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் எஸ்ஜிபி தன் காசில் ஆசிரியர் வைக்க வேண்டும். நம் தாத்தா காலத்தில் நாட்டாலில் இந்தியர் பள்ளிகளே இப்படித்தான் எழுந்தன. ஊர் ஒரு பவுன் சேர்த்தால் அரசு ஒரு பவுன் போடும். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கொடுத்த காசு அது. இன்றைக்கு அதைப் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கென்னவோ, அரசே முழுதாகப் போட வேண்டியதில் பாதியை அவர்களிடம் வாங்கிக்கொண்ட மாதிரிதான் தோன்றுகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இவ்வளவும் சரி டீச்சர். எங்கள் பள்ளிக்கு உண்மையில் எவ்வளவு வந்தது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

வரப்போகிற வருடத்துக்கு எவ்வளவு என்று துறை செப்டம்பர் 30க்குள் பள்ளிக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அதை வைத்து எஸ்ஜிபி பட்ஜெட் போட்டு, பெற்றோர் கூட்டத்தில் ஓட்டுக்கு விட வேண்டும். கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு, 14 நாள் முன்னால் பட்ஜெட்டைப் பள்ளியில் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த 14 நாளில் ஒரு நாள் போய் உட்கார்ந்து படியுங்கள். துறைக் கடிதத்தில் இருக்கும் எண்ணும் பட்ஜெட்டில் வரவு என்று இருக்கும் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். நகலும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். கூட்டத்தன்று போட்டோகாப்பி மெஷின் எப்போதும் ரிப்பேரில்தான் இருக்கும்.