சந்தாவை நிறுத்தும் முன் சிக்கலான கோப்புகளைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஐந்து கணினிகள். மைக்ரோசாப்ட் ஆபீஸுக்கும் போட்டோஷாப்புக்கும் சந்தா கட்டுகிறோம். லிப்ரே ஆபீஸ், கிம்ப் ஆகிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்கு மாறலாமா? பின்னால் சிக்கல் வருமா?

பதில்: கடிதம், கணக்கு பார்க்கும் கணினிகளை மாற்றலாம். அச்சுக்குப் படம் தயாரிக்கும் கணினி இருந்தால் அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

மென்பொருள் இலவசம்தான். ஆனால் அதைப் பழகவும் பழைய கோப்புகளைச் சரிசெய்யவும் ஆகிற நேரத்துக்கு நீங்கள்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள். அது எவ்வளவு என்று தெரிய, உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான கோப்புகளை லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். சாதாரணக் கடிதத்தை வைத்துச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

முதலில் எழுத்துரு. காலிப்ரியில் அடித்த வேர்டு கோப்பை அது இல்லாத கணினியில் திறந்தால், லிப்ரே ஆபீஸ் கார்லிட்டோ என்ற எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். இரண்டிலும் எழுத்துகளின் அகலம் ஒன்றே என்பதால் வரிகள் பெரும்பாலும் இடம் மாறாது. இப்படி இணை இல்லாத எழுத்துரு என்றால் வரி மடங்கி, ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். அப்புறம் எக்செல் மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைத்த சிறு நிரல். உண்மையான தலைவலி இங்கேதான். சில மேக்ரோக்கள் அப்படியே ஓடும், பலவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். சம்பளக் கணக்கு மேக்ரோவை நம்பி நடக்கிறது என்றால் அந்த ஒரு கணினிக்குச் சந்தாவை வைத்துக்கொள்வதே லாபம்.

வெளியே பிடிஎஃப்பாக மட்டும் போகிற கோப்புகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். வாடிக்கையாளரும் நீங்களும் மாறி மாறித் திருத்துகிற கோப்பில்தான் அட்டவணையும் பக்க அமைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குலையும்.

படங்கள் இணையத்துக்கு மட்டும் என்றால் கிம்ப் தாராளமாகப் போதும். அச்சகம் கேட்பது சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மைகளுக்கான நான்கு நிற முறை. கிம்ப் படத்தைத் திரைக்கான ஆர்ஜிபி நிற முறையில் வைத்தே வேலை செய்து, ஏற்றுமதியில்தான் அப்படி மாற்றித் தரும். சிஎம்ஒய்கேயிலேயே வேலை செய்ய கிரிட்டா இருக்கிறது, பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். ஆனால் போட்டோஷாப்பில் கை பழகியவருக்கு இவை புதிதாகக் கற்கிற வேலை.

இலவசம் என்றால் தரம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025இல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' அனிமேஷன் படம் பிளெண்டர் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் செய்ததுதான். நாளைக்கு இந்த மென்பொருள் நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. ஆனால் மூலநிரல் பொதுவில் இருப்பதால் வேறொருவர் தொடரலாம். ஓப்பன் ஆபீஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 2010இல் அதை உருவாக்கியவர்களில் பலர் பிரிந்து வந்து தொடங்கியதுதான் லிப்ரே ஆபீஸ். தொழிலுக்குப் பயன்படுத்த உரிமத்தில் தடையில்லை, நீங்கள் தயாரிக்கிற கோப்புகளும் உங்களுடையவையே. அழைத்துக் கேட்க உதவி எண் மட்டும் இருக்காது. அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பெடுத்து, புதிய பதிப்புகளை உடனுக்குடன் நிறுவ வேண்டும்.

சந்தா முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே பழைய மென்பொருள், புதியது இரண்டையும் எல்லாக் கணினிகளிலும் வைத்துக்கொள்ளுங்கள். யார், எந்தக் கோப்புக்காகப் பழையதற்குத் திரும்பினார்கள் என்று குறித்து வாருங்கள். அந்தப் பட்டியலில் பெயர் வராதவர்களின் சந்தாவை நிறுத்திவிடலாம்.