வாசகர் கேள்வி பதில்: திருகோணமலைக் கடைத்தெருவுக்கு மீண்டும் ஆள் வருமா?

திருகோணமலை நகர மையத்தைப் புதுப்பிக்கும் முயற்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். புதிதாக ஆட்களை வரவழைக்கத் திட்டமிடுவதற்கு முன்னர், ஏற்கனவே நாள்தோறும் ஏதோவொரு தேவைக்காக நகருக்கு வந்துபோகிறவர்கள் இன்னும் இரண்டு மணி நேரம் அங்கே தங்கும்படி செய்ய வேண்டும் என்பதே அக்கட்டுரையின் சாரம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஐந்திற்கு இங்கே விடையளிக்கிறேன். எழுதியவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

தந்தையின் காலத்திலிருந்து மத்திய வீதியில் புடவைக்கடை நடத்துகிறோம். ஆண்டுக்கு ஆண்டு வாடிக்கையாளர் குறைகிறார்கள். தெருவுக்குக் கல் பதித்து, அழகான விளக்குகள் போடப்போவதாகச் சொல்கிறார்கள். அதனால் வியாபாரம் திரும்புமா?
(கடை உரிமையாளர், திருகோணமலை)

கல்லும் விளக்கும் மட்டும் வியாபாரத்தைத் திருப்பித் தரமாட்டா. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, உங்கள் தந்தையின் கடைக்கு ஆட்கள் எதற்காக வந்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த நகரத்தின் கடைத்தெரு வேறு காரியமாக வந்தவர்களை நம்பியே வளர்ந்தது. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை விட்டு நீங்கும்வரை கப்பற்பட்டறைச் சம்பளம் கடைத்தெருவில் புழங்கியது. அதன் பின்னர் கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைகளுக்கும் வந்தவர்கள் துணியும் பாத்திரமும் வாங்கிச் சென்றார்கள். போர்க்காலத்தில் சோதனைச்சாவடிகளும் ஊரடங்கும் கடைகளை நேரத்தோடு பூட்டவைத்தன. போர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, பாதைப் படகுக்குக் காத்துநின்ற மக்கள் இனி நினைத்த நேரத்தில் நகருக்கு வருவார்கள் என்று நம் வியாபாரிகள் மகிழ்ந்தார்கள். வந்தார்கள்தான். ஆனால் அதே பாலத்தால் கொழும்பிலிருந்து சரக்கு லொறி நேரே கிண்ணியாக் கடைவாசலுக்கும் போகத் தொடங்கியது. இன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் நல்ல புடவைக்கடைகள் இருக்கின்றன. ஆகவே, உங்கள் வாடிக்கையாளருக்கு உங்களிடம் வந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவர் விரும்பி வரவேண்டும், வந்தால் சிறிது நேரம் நிற்கவேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக் கிளினிக்கிற்கு வருகிற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பகலளவில் மருந்து எடுத்து முடிகிறது. கையில் குழந்தை, கச்சான் காற்று வீசும் ஆடி மாத வெயில். உட்கார ஒரு நிழல், சுத்தமான கழிப்பறை, குழந்தைக்குப் பாலூட்ட மறைவான ஓரிடம், குடிதண்ணீர் ஆகிய நான்கும் கடைத்தெருவில் கிடைத்தால் அவர் அடுத்த பஸ்ஸுக்குப் போகலாமென்று நினைப்பார். இல்லாவிட்டால் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். கழிப்பறையைப் பற்றி நகர அபிவிருத்திக் கூட்டங்களில் பேசுவதை யாரும் பெருமையாக எண்ணுவதில்லை. என் கணிப்பில், விளக்குக் கம்பங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, நாள் முழுவதும் ஒருவர் பொறுப்பாக நின்று பராமரிக்கும் பெண்கள் கழிப்பறை ஒன்றைக் கட்டினால், அதுவே கடைத்தெருவுக்கு அதிக வருமானம் தரும் முதலீடாக இருக்கும். நிழல் விடயத்தில் நம் முன்னோர் அறிவாளிகள். பழைய கடைகளுக்கு முன்னால் விறாந்தை இருந்தது; மழைக்கும் வெயிலுக்கும் அதன் கீழாகவே தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கலாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் வடிகால் விளிம்புவரை கண்ணாடியை நீட்டிவிடுகிறார்கள். விறாந்தை விட்டுக் கட்டுகிறவருக்குச் சோலைவரியில், அதாவது கட்டடத்துக்கு உள்ளூராட்சி மன்றம் அறவிடும் வரியில், ஒரு சலுகை கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் யார் செய்வது என்று கேட்பீர்கள். ரொறன்ரோவில் புளோர் வீதியின் மேற்குப் பகுதி வியாபாரிகள் 1960களில் இதே நிலையில் இருந்தார்கள். சுரங்க ரயில் வந்ததும் வீதியில் ட்ராம் வண்டியில் போன மக்கள் நிலத்தடியே போனார்கள். புதிய பெருங்கடைத்தொகுதிகள் வேறு ஆட்களை இழுத்தன. வியாபாரிகள் சங்கம் அமைத்துச் சந்தா சேர்த்தார்கள். சிலர் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களும் பயனை அனுபவித்தார்கள், அதனால் கொடுத்தவர்களும் சலித்துப்போனார்கள். பின்னர் அவர்களே கேட்டு ஒரு சட்ட ஏற்பாட்டைப் பெற்றார்கள். அதன்படி அப்பகுதியிலுள்ள எல்லா வியாபார இடங்களும் சொத்துவரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்ட வேண்டும். நகரசபை அதை வசூலித்து வியாபாரிகளின் சபையிடமே ஒப்படைக்கும். இருக்கை, விளக்கு, துப்புரவு, திருவிழா எல்லாவற்றையும் அந்தச் சபை தீர்மானிக்கும். 1970இல் தொடங்கிய அது உலகிலேயே இத்தகைய முதல் அமைப்பு. இன்று ரொறன்ரோவில் மட்டும் எண்பதுக்கு மேற்பட்ட வீதிகளில் இம்முறை நடக்கிறது. நமது வர்த்தகர் சங்கமும் உள்ளூராட்சி மன்றமும் ஒரே ஒரு வீதிக்கு, எழுத்து மூலமான உடன்படிக்கையோடு இதைத் தொடங்கிப் பார்க்கலாம். கடையை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதையும் அந்த உடன்படிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துக் கடைகளில் நான்கு இருட்டிக் கிடக்கும் தெருவில் மற்ற ஆறுக்கும் மாலை வியாபாரம் நடக்காது.

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். என்னிடம் தங்குகிறவர்கள் ஓட்டோவில் கோணேசர் கோயிலுக்குப் போய், நகரத்துப் புள்ளிமான்களைப் படமெடுத்துக்கொண்டு, அதே ஓட்டோவில் திரும்பிவிடுகிறார்கள். நகரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். என்ன சொல்லலாம்?
(வாசகி, உப்புவெளி)

நடந்து போகச் சொல்லுங்கள். போர்த்துக்கேயர் 1624இல், கோணேசர் ஆலயத்தை இடித்த கற்களையும் சேர்த்துக் கட்டிய கோட்டையின் வாசலிலிருந்து கடைத்தெருவுக்கு நடை தூரமே இருக்கிறது. கோட்டை வாசல், டச்சு விரிகுடாக் கடற்கரை, பத்திரகாளி அம்மன் கோயில், சந்தை, பிரதான வீதி, உட்துறைமுகக் கரை என்று சென்றால், உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் இரு பக்கக் கடலையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். இந்த வழியைச் சொல்லும் பெயர்ப்பலகை இல்லாததும், நிலாவெளிப் பக்கம் திரும்ப இரவில் போதிய பஸ் இல்லாததும்தான் குறை. உங்களைப் போன்ற விடுதிக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கைவரைபடம் அச்சிட்டால் முதற்குறை பாதி தீரும். இரண்டாவதற்கு ஓட்டோ சங்கத்தோடு நியாயமான ஒரு திரும்பு கட்டணத்தைப் பேசி, அதையும் அந்தக் காகிதத்திலேயே அச்சிடுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளிநாட்டார் வரும் பருவம் ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை. அதன் பின் வாடைக்காற்றும் மழையும். ஆண்டில் பாதி மாதங்கள் ஆளில்லாது போகும் வருமானத்தை நம்பி ஒரு நகர மையத்தை மாற்றியமைத்தால், மழைக்காலத்தில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும். கடைத்தெரு முதலில் உள்ளூர் மக்களுக்கு உரியதாக இருக்கட்டும். கிண்ணியாத் தயிர்ச்சட்டியும் கருவாட்டுக் கடையும் நல்ல தோசைக்கடையும் இருக்கும் சந்தையைத்தான் பயணி பார்க்க விரும்புகிறார். சம்பந்தர் தேவாரம் பெற்ற தலத்துக்கு நாடெங்கிலுமிருந்து பஸ்களில் வரும் அடியார்களை நாம் மறந்தே போகிறோம். அவர்களுக்குச் சைவச் சாப்பாடும், குறைந்த செலவில் குடும்பமாகத் தங்கும் மடமும் நகருக்குள் கிடைத்தால் ஓரிரவாவது தங்குவார்கள்.

நகரத்துப் புள்ளிமான்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். விருந்தினர் ஆசையோடு படமெடுக்கும் அந்த மான்கள் சந்தைக் கழிவிலிருக்கும் பொலித்தீனைத் தின்று இறக்கின்றன. குப்பையை மூடிய தொட்டிகளில் சேர்ப்பது நகரப் புதுப்பிப்பின் முதல் வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நான் நகரத்தில் நடைபாதையில் பழம் விற்கிறேன். நகரத்தை அழகுபடுத்தினால் எங்களை அகற்றி மாடிக் கட்டடத்தில் இடம் தருவோம் என்கிறார்கள். ஏற்கலாமா?
(அங்காடி வியாபாரி, கிண்ணியா)

சென்னையின் பாண்டி பஜாரில் நடந்ததைச் சொல்கிறேன். நீதிமன்ற உத்தரவுகளின் பின்னர், 2013இல் அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளைப் பல மாடிக் கட்டடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். மாடியேறி வர ஆளில்லை என்று பலர் முறையிட்டார்கள். நடந்து போகிறவரின் கண்ணில் பட்டு விற்கும் பழத்தை இரண்டாம் மாடியில் வைத்து விற்க முடியாது. அதே வீதியில் 2019இல் நடைபாதைகளை மிக அகலமாக்கி, வாகனங்களுக்கான இடத்தைக் குறைத்தார்கள். இன்று குடும்பங்கள் மாலையில் அங்கே உலாவுகின்றன. நடப்பவர்களுக்கு இடம் கொடுத்த அந்த வேலை சரியானது. அந்த அகலத்தில் சிறு வியாபாரிக்கும் அளந்து கொடுத்த ஓரிடம் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே மாடியை ஏற்காதீர்கள். தரையில் கோடு போட்டு, இலக்கமிட்ட இடமும் அனுமதிப்பத்திரமும் கேளுங்கள். அதற்கு ஈடாக நீங்களும் சிலவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். கோட்டைத் தாண்டிச் சரக்குப் பரப்பக்கூடாது, ஒருவர் பெயரிலுள்ள இடத்தை மற்றவருக்கு வாடகைக்கு விடக்கூடாது, மாலையில் கழிவை எடுத்துச் செல்ல வேண்டும். வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரர் தன் வாசலை மறைக்கிறீர்கள் என்று சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்களிடம் பழம் வாங்க நிற்பவரே அவருடைய கண்ணாடியையும் பார்க்கிறார் என்பதை அவரும் உணர வேண்டும்.

நான் ஸ்காபரோவில் வசிக்கும் திருகோணமலையான். பிரதான வீதிக்கு அருகே ஒரு பழைய வீட்டை வாங்கி ஹோட்டலாக்க நினைக்கிறேன். ஊருக்கு உதவியாக இருக்குமா?
(வாசகர், கனடா)

முதலில் சட்டத்தைப் பாருங்கள். காணி உரிமை மாற்றத்தை மட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசை இங்கே காணியை அறுதியாக வாங்க முடியாது. நீண்டகாலக் குத்தகை எடுக்கலாம். உங்களிடம் இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. போரிலும் இடப்பெயர்விலும் பல குடும்பங்களின் காணி உறுதிகள் தொலைந்துபோன ஊர் இது. காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடிப் பார்க்கத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரை வைத்துக்கொள்ளாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஊருக்கு உதவியாக இருக்குமா என்ற உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியமானது. தென்னிலங்கையிலுள்ள காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் அங்கே வீடுகளின் விலை ஏற ஏற, பரம்பரையாக வாழ்ந்த பல குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியேற, வீடுகள் விடுதிகளாயின. மலேசியாவில் பினாங்கின் ஜோர்ஜ் டவுனில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய கடைவீடுகளில் இருந்தவர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். அந்நகர் 2008இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு, கட்டடங்களைப் பழைய முறைப்படி திருத்த உரிமையாளருக்குச் சிறு மானியங்கள் கொடுக்கும் திட்டம் வந்தது; அது நல்ல முயற்சி. ஆயினும் போனவர்கள் பெரும்பாலும் போனவர்களே. கடைத்தெருவின் மேல்மாடியில் குடும்பங்கள் வாழும்வரைதான் கீழே பலசரக்குக் கடையும் மருந்துக்கடையும் இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும். எனவே கீழ்த்தளத்தை உள்ளூர் வியாபாரி ஒருவருக்கு நீண்டகால வாடகைக்குக் கொடுத்து, மேல்தளத்தில் சில அறைகளை மட்டும் விடுதியாக்கி, மிகுதியைக் குடியிருக்க விடுங்கள். இலாபம் மெதுவாகத்தான் வரும். பணத்தை அவசரமாகத் திருப்ப வேண்டிய நிலையிலிருந்தால் இதில் இறங்காதீர்கள்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் துறைமுகமும் அபிவிருத்தியானால் நகரம் தானாகவே வளராதா? அதுவரை பொறுத்திருந்தால் என்ன?
(மாணவர், திருகோணமலை வளாகம்)

தானாக வளராது, தம்பி. பிரித்தானியர் கட்டிவைத்துச் சென்ற தாங்கிகளில் 99 எஞ்சியிருக்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 61 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டன. நாட்டுக்கு அவை வேண்டியவையே. ஆனால் எண்ணெய்த் தாங்கி பெருந்தொகை ஆட்களுக்கு வேலை தரும் தொழில் அல்ல. இடமும் நகரின் கடைத்தெருவிலிருந்து விலகியே இருக்கிறது. அங்கே வேலைசெய்ய வருகிறவர் நகருக்குள் வீடு எடுத்து, பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்து, மாலையில் இந்தத் தெருவில் நடந்தால் மட்டுமே அவருடைய சம்பளம் இங்கே வரும். நகரம் வாழத்தக்கதாக இல்லாவிட்டால் குடும்பத்தைக் கொழும்பிலேயே வைத்துவிட்டுத் தனியே வந்துபோவார். பெரிய முதலாளி ஒருவரையே நம்பியிருந்து, அவர் போனதும் தவித்த அனுபவம் 1957இல் நமக்குக் கிடைத்தது.

பொறுத்திருப்பதற்குப் பதிலாக உங்கள் வளாகத்தாரால் முடிந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். நகரப் புதுப்பிப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். மத்திய வீதியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், எந்த நேரத்தில் ஆள் குறைகிறது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுவது மிக அரிது. வணிகக் கற்கை பயிலும் மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஆடி மாதத்தில் ஒரு கிழமையும் மார்கழி மழையில் ஒரு கிழமையும் காலை, பகல், மாலை என்று ஒரே சந்தியில் நின்று எண்ணுங்கள். கடைகள் பூட்டும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கை எனக்கு அனுப்பினால் இப்பகுதியிலேயே முழுமையாக வெளியிட்டு, வர்த்தகர் சங்கத்தாரையும் உள்ளூராட்சி மன்றத்தாரையும் அதற்குப் பதில் எழுதக் கேட்பேன்.